ஜெபம் வறண்டுபோனால் முதலில் எதைப் பார்ப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தேவிகுளம் பக்கம் எஸ்டேட் ஆபீசில் வேலை, வயது 36, 13 வருடமாக சண்டே ஸ்கூல், கூடவே பாடகர் குழு, 4 வருடமாக சபைக் கணக்கும் உங்கள் கையில். ஒன்றரை வருடமாக ஜெபம் வறண்டுவிட்டது, பாமாலை பாடும்போது வாய் பாடுகிறது, கண் கடிகாரத்துக்குப் போகிறது, ஞாயிறு காலை எழுந்தால் இன்னொரு டியூட்டிக்குக் கிளம்புவது போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பர்கள் இது பின்மாற்றம், மூன்று நாள் உபவாசக் கூட்டத்துக்கு வா என்கிறார்கள். மனைவி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டில் இருங்கள் என்கிறார். பழைய உற்சாகம் திரும்ப வழி என்ன என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ‘கர்த்தர் என்னை விட்டுவிட்டாரா, நான் அவரை விட்டுவிட்டேனா’ என்று போட்டிருக்கிறீர்களே, உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இந்த மலையில் பிறந்தவன். அப்பா அம்மா இரண்டு பேரும் தோட்டத் தொழிலாளிகள். மதுரை அரசரடியில் இறையியல் படித்துவிட்டு, 1994 முதல் 2022 வரை 28 வருடம் இங்கேயே எஸ்டேட் சபைகளில் போதகராக இருந்தேன். காலை மலையாள ஆராதனை முடிந்து அவர்கள் வெளியே வர, நம் தமிழ் ஆட்கள் உள்ளே போகிற சபைகள். நீங்கள் சொல்கிற வறட்சியோடு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர், எனக்கே வந்தும் இருக்கிறது. ஆனாலும் உங்கள் முகத்தைப் பார்க்காமல், எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன். நான் டாக்டரும் இல்லை. அந்த அளவுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ‘நீ குளிருமல்ல அனலுமல்ல, உன்னை வாந்திபண்ணிப்போடுவேன்’ என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபைக்குச் சொன்ன வசனம் உங்களைப் பயமுறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். அந்தச் சபை என்ன சொல்லிக்கொண்டிருந்தது? நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை என்று. வெதுவெதுப்பாக இருந்தவர்களுக்குத் தாங்கள் வெதுவெதுப்பு என்பதே தெரியவில்லை. நீங்களோ குறை இருக்கிறது என்று ராத்திரி ஒரு மணிக்கு முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிறீர்கள். அந்த வசனம் உங்களைப் பார்த்துச் சொன்னதில்லை, இதை நான் நிச்சயமாகச் சொல்வேன். உங்களுக்கு ஏற்றது எபேசு சபைக்குச் சொன்னது, ‘ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்.’ அந்தச் சபையும் உழைத்த சபைதான், பொறுமையாகப் பாரம் சுமந்த சபைதான். அதற்கு அவர் கொடுத்த மருந்தில் ‘ஆதியில் இருந்த உணர்ச்சியைத் திரும்ப உண்டாக்கு’ என்று இல்லை. நினைத்துப் பார், மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்றுதான் இருக்கிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் அப்பா கவ்வாத்து வெட்டுகிற ஆள். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒரு முறை வெறும் குச்சியாக வெட்டி விடுவார்கள், அப்போதுதான் திரும்பக் கொழுந்து அடிக்கும். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. பென்சில் கனத்தில் வேரை எடுத்து, குறுக்கே நறுக்கி, அயோடின் தடவிப் பார்ப்பார்கள். கறுநீலமாக மாறினால் வேரில் மாவு சேர்ந்திருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறவில்லை என்றால் செடி களைத்திருக்கிறது, சில வாரம் கொழுந்து எடுக்காமல் விட்டுவைத்து, வேர் தேறிய பிறகுதான் கத்தி. பார்க்காமல் வெட்டினால் செடி அப்படியே பட்டுப்போகும். சிறுவனாக அப்பாவோடு போய் அந்த நறுக்கிய வேர் அவர் உள்ளங்கையில் நிறம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மேலே இலையைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது என்று அன்றைக்குப் பதிந்தது, ஊழியத்தில் பெரிய உதவியாக இருந்தது. ஏனென்றால் ஆவிக்குரிய வறட்சி வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். ஜெபம் ஓடாது, வேதம் கசக்கும், ஆலயம் பாரமாக இருக்கும். வேரில் இருக்கும் காரணமோ வேறு வேறு, ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷமாகலாம். உங்கள் நண்பர்கள் சொல்வதும் மனைவி சொல்வதும் இரண்டுமே சிலருக்குச் சரியான மருந்து. உங்களுக்கு எது என்பதுதான் பார்க்க வேண்டியது.

உங்கள் கதையைப் படித்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது களைப்பு. திங்கள் முதல் சனி வரை ஆபீஸ், சனி ராத்திரி பாடகர் குழுப் பயிற்சி, ஞாயிறு காலை பிள்ளைகள், ஆராதனை, மதியம் காணிக்கை எண்ணிக் கணக்கு, சாயங்காலம் கமிட்டி. உங்களுக்கு ஓய்வுநாள் எது? எலியா தீர்க்கதரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய ஆள், அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே படுத்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் வந்து என்ன சொன்னான்? ஜெபி என்று சொல்லவில்லை, அவிசுவாசி என்று கடியவுமில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்தான், அதற்கும் தூதன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரம் எழுப்பி, ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்று சொல்லித் திரும்பச் சாப்பிட வைத்தான். அதற்கப்புறம்தான் ஓரேப் மலை, அதற்கப்புறம்தான் அங்கே கர்த்தர் பேசிய அந்த அமர்ந்த மெல்லிய சத்தம். இந்த வரிசையை நாம் மாற்றிவிடுகிறோம் தம்பி. பட்டினியும் தூக்கமின்மையுமாக இருக்கிறவனை முதலில் ஓரேபுக்கு ஏற்றுகிறோம். களைத்துப்போனவனுக்கு மூன்று நாள் உபவாசம் என்பது வேரைப் பார்க்காமல் கத்தி வைப்பது. அங்கே போய் அழுது, பாடி, அனல் வந்தது போல இருக்கும், வந்த பத்தாம் நாள் முன்னைவிட மோசமாக விழுவான். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். உபவாசக் கூட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, அங்கே உண்மையாகவே வாழ்க்கை மாறினவர்களும் என் சபையில் இருந்தார்கள்.

ஆனால் களைப்பு மாதிரியே இருக்கிற இன்னொன்று உண்டு. நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் இருந்த எவாகிரியுஸ் என்ற துறவி அதைப் பற்றி எழுதியிருக்கிறார். 91-ஆம் சங்கீதத்தில் வருகிற மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம் என்பதை வைத்து அதற்கு மத்தியானப் பிசாசு என்றே பெயர். அது பிடித்த துறவிக்கு சூரியன் நகராதது போல இருக்குமாம், ஒரு நாளுக்கு 50 மணி நேரம் இருப்பது போல இருக்குமாம். இருக்கிற இடம் பிடிக்காது, செய்கிற வேலை பிடிக்காது, கூட இருக்கிறவர்களிடம் அன்பே போய்விட்டது என்று தோன்றும், வேறு எங்காவது போனால் நன்றாக இருப்பேன் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும். இதற்கு அவர்கள் சொன்ன மருந்து ஓய்வு கிடையாது. அறையை விட்டு ஓடாமல் உட்கார், கை வேலையைச் செய், சங்கீதத்தைச் சொல். பாருங்கள், எலியாவுக்குக் கொடுத்ததற்கு நேர் எதிர். அப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? என் அனுபவத்தில் ஒரு வழி இருக்கிறது, ஆனால் இது விதி இல்லை. இரண்டு வாரம் எல்லாவற்றிலிருந்தும் லீவு எடுத்து நன்றாகத் தூங்கி, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, பிள்ளைகளோடு இருங்கள். அதன் முடிவில் சின்னதாகவாவது ஒரு பாட்டை முணுமுணுக்கத் தோன்றினால் அது களைப்பு, இன்னும் ஓய்வு வேண்டும். தூக்கம் சரி, சாப்பாடு சரி, சிரிப்பும் வருகிறது, ஆலயம் என்றால் மட்டும் மனசு சுருங்குகிறது என்றால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது. சும்மா சலிப்பாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அது மனஸ்தாபமாக இருக்கும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சபைக் கணக்கைக் கையில் வைத்திருக்கிறவர்களிடம் இந்த வறட்சியை அதிகம் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் சபையின் முகப்பைப் பார்க்கிறார்கள், அவர்கள் அடுப்படியைப் பார்க்கிறார்கள். ஒருவர் என்னிடம் பொருளாளராக இருந்தார், அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கோழியும் வாழைத்தாரும் போன கணக்கில் 300 ரூபாய் உதைத்தது. ஒரு மூப்பர் எல்லோர் முன்னாலும், ‘எண்ணுற கை சரியா இருந்தா கணக்கும் சரியா இருக்கும்’ என்று சொல்லிவிட்டார். மறுநாளே ரசீது கிடைத்துக் கணக்கு நேராகிவிட்டது. ஆனால் இவருக்கு அன்றோடு ஜெபம் நின்றுபோனது. நின்றது அதனால்தான் என்று அவருக்கே ஒரு வருடம் தெரியவில்லை. என்னிடம் ‘விசுவாசத்தில் சந்தேகம் வருது ஐயா’ என்றுதான் வந்தார், ஏதேதோ புத்தகம் எல்லாம் படித்திருந்தார். பேசிப் பேசி ஏலத்துக்கு வந்தபோது குரல் உடைந்துவிட்டது. இரண்டு பேருமாக அந்த மூப்பர் லயத்துக்குப் போனோம். அவர் மனைவி கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். மூப்பருக்குச் சொன்னதே ஞாபகம் இல்லை, ‘நானா அப்படிச் சொன்னேன்?’ என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இவர் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே அனல் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் இரண்டு மூன்று வாரம் கழித்து, பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் அவர் பாடுவதைப் பீடத்திலிருந்து பார்த்தேன். நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சபையில் என்ன நடந்தது? யாரைப் பார்த்தால் இப்போதும் வேறு வழியாகப் போகிறீர்கள்? போதகராகவே இருந்தாலும் சொல்லலாம்.

பாவம் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கலாம். மறைவில் ஒன்று இருந்தால் அது உங்களுக்கே தெரியும், நான் தோண்ட வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் அறிக்கை செய்து விட்டுவிடுங்கள். அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றால், இல்லாததைத் தேடித் தேடி உங்களை நீங்களே வதைக்காதீர்கள். துன்பத்தில் கிடந்த யோபுவிடம் அவன் நண்பர்கள் செய்த தப்பு அது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆலயத்தில் மட்டுமில்லாமல் எதிலுமே ருசி இல்லை, பிள்ளை சிரித்தாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது அல்லது எப்போதும் தூக்கம், எதற்கும் நான் லாயக்கில்லை என்ற நினைப்பு, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது மன அழுத்த நோயாக இருக்கலாம். நோய்க்கு டாக்டரிடம்தான் போக வேண்டும். இரத்தச்சோகை, தைராய்டு இவையும் மனுஷனை இப்படிப் போட்டுவிடும், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் அரசாங்கத்துடையது, இலவசம், தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தால்கூட இன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டு அழையுங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர்கள் சர்க்கரைக்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்தது, 70 பேர் போனார்கள். அந்த மழையில் நானும் போய் நின்றேன். கயத்தாறிலிருந்து வந்த, இறந்தவர்களின் சொந்தக்காரர்களோடு அழுதேன், ஜெபித்தேன், அப்போதெல்லாம் பலம் இருந்தது. அடுத்த ஜனவரியில்தான் போனது. முழங்கால் போட்டால் வார்த்தையே வராது. ஆராதனையை ஜெபப் புத்தகத்தைப் பார்த்து நடத்தினேன், பிரசங்கத்தைப் பழைய நோட்டிலிருந்து எடுத்தேன். போதகனுக்கே இப்படியா என்ற வெட்கத்தில் ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் நான் செய்த பெரிய தப்பு. கடைசியில் போடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒரு போதகரிடம் போனேன். நீளமாகப் புத்தி சொல்வார் என்று நினைத்தேன். 88-ஆம் சங்கீதத்தை எடுத்து ஒரு வசனம் அவர், ஒரு வசனம் நான் என்று படிக்க வைத்தார். அந்தச் சங்கீதம் மற்றவை போல ஸ்தோத்திரத்தில் முடியாது, ‘எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்’ என்று இருட்டிலேயே நின்றுவிடும். அவரும் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டார், ஜெபம்கூடச் செய்யவில்லை. ‘இதுவும் வேதத்தில்தான் இருக்கு, சாப்பிட வாரும்’ என்றார். பஸ்ஸில் போடிமெட்டு ஏறி வரும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியிருந்தது. அதற்கும் பல வாரம் கழித்து, படுக்கையில் கிடந்த ஒரு பாட்டிக்கு நற்கருணை கொண்டுபோனேன். கர்த்தருடைய ஜெபத்தை நான் ஆரம்பிக்க வேண்டும், தொண்டை அடைத்துக்கொண்டது. கொழுந்துக் கறை போகாத கையைக் குவித்துக்கொண்டு அவரே ‘பரமண்டலங்களிலிருக்கிற’ என்று தொடங்கினார், நான் பின்னால் சொல்லிக்கொண்டு போனேன். எனக்குத் திரும்பி வந்தது அப்படித்தான், இன்னொருவர் ஜெபத்தின் பின்னால் நடந்து.

சரி, ஊழியத்தைத் தொடர்வதா விடுவதா? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-ல் இதே நிலையில் இருந்தார், எனக்கே விசுவாசம் இல்லாமல் பிரசங்கம் எப்படிச் செய்வது என்று. பீட்டர் போலர் என்ற மொரேவிய சபைச் சகோதரர், விசுவாசம் வரும்வரை விசுவாசத்தைப் பிரசங்கி, வந்த பிறகு அது இருப்பதால் பிரசங்கிப்பாய் என்றார். நான் அதில் பாதியை எடுத்துக்கொள்வேன். முழுவதும் விட வேண்டாம், முழுவதும் சுமக்கவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது ஏடும் ரசீதும் இல்லாமல் மனுஷர் முகம் இருக்கிற வேலையாக இருக்கட்டும். உங்கள் விஷயத்தில் பிள்ளைகள் என்று நினைக்கிறேன், அதுதானே நீங்கள் முதலில் ஆசையாக ஏற்றது. ஆதியில் செய்த கிரியை என்று மேலே சொன்னது இதைத்தான். நான் விட்டால் சபையில் ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்த சபையை ஊன்றிய ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் கன்னியாகுமரிப் பக்கம் மயிலாடிக்கு வந்து, 1816-ல் உடம்பு நலிந்து போய்விட்டார். 1818-ல் அடுத்த மிஷனரி சார்ல்ஸ் மீட் வந்து சேரும்வரை சபையைத் தாங்கியது உள்ளூர்க்காரரான மயிலாடி வேதமாணிக்கம். மிஷனரி போன பிறகும் நின்ற சபை அது. உங்கள் கணக்கு நோட்டை எடுக்க ஒரு ஆள் கிடைப்பார்.

தினமும் பத்து நிமிடம் மாற்கு சுவிசேஷம் படியுங்கள், 16 அதிகாரம்தான், மெதுவாக. கையில் பேனா வேண்டாம். பாடம் எடுப்பதற்குப் படித்துப் படித்து உங்கள் பசிக்குப் படிப்பது மறந்துபோயிருக்கும். சொந்த ஜெபம் வரவில்லை என்றால் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், அது ஜெபம்தான். நற்கருணையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். பிறகு ஒரு ஆள் வேண்டும், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல. மனைவி சரிதான், அவர் தவிர இன்னொருவரும் வேண்டும், சபைக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது.

இதைச் செய்தால் பழைய உற்சாகம் அப்படியே வரும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. 22 வயதில் இருந்தது 36-இல் அதே உருவத்தில் வராது, எனக்கு வந்ததும் வேறு மாதிரி, சத்தம் குறைவாக. சிலருக்கு உணர்ச்சி திரும்பாமலே போகிறது. அன்னை தெரசா இறந்து பத்து வருடம் கழித்து 2007-ல் வெளியான கடிதங்களில், ஏறக்குறைய 50 வருடம் கர்த்தருடைய சமுகத்தை உணராமலே ஏழைகளிடம் போய்வந்தார் என்று தெரிந்தது. கர்த்தரே அந்த இனிமையை வேண்டுமென்று எடுத்து நம்மைப் பக்குவப்படுத்துகிறார் என்று பழைய பரிசுத்தவான்கள் சொல்வார்கள். சிலருக்கு அது உண்மையாக இருக்கலாம், இன்னொருவர் வேதனையைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. ஆனால் உங்கள் கடைசி வரிக்கு நிச்சயமாகப் பதில் சொல்ல முடியும்: அவர் உங்களை விடவில்லை. மங்கியெரிகிற திரியை அணையாதவர் என்று ஏசாயா சொன்னது அவரைப் பற்றித்தான். நீங்களும் அவரை விடவில்லை, விட்டவன் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான்.

வருகிற ஞாயிறு பாடகர் வரிசையில் நிற்காமல், மனைவி பிள்ளைகளோடு பின் பெஞ்சில் உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ண வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குப் போய் மதியம் தூங்குங்கள். கணக்கைப் பொறுத்தவரை, இதுவரை உள்ள ரசீதையெல்லாம் ஏற்றி, பேங்க் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து, இரண்டு பேர் கையெழுத்தோடு ஒப்படையுங்கள், பின்னால் பேச்சு வராது. அப்புறம் அந்த இரண்டு வாரம் முடிந்ததும் தூக்கம் எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள்.